ரங்கூனுக்கு ஒரு சாண்

நம் வயதுக்காரர்கள் இப்போது கைவிரல் விட்டு எண்ணும்படிதான் மிஞ்சியிருக்கிறோம். பல் போனவர்கள், காது போனவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். வீட்டில் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் "அப்படியா நன்னி" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

போன வாரம் பேரன் அந்தப் போனைத்தான் என் மூக்குக்கு நேரே நீட்டினான். அவனுக்கு ரங்கூனில் ஏதோ வேலையாம். இரண்டு ஊரின் பெயரைத் தட்டினால் நடுவில் வில் மாதிரி ஒரு கோடு விழுகிறது. ஆகாயத்தில் இத்தனை தூரம், இத்தனை நேரம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. "காலைச் சாப்பாடு இங்கே, ராத்திரிச் சாப்பாடு அங்கே" என்றான். நான் அந்தக் கோட்டையே பார்த்தேன். கடலுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது. அதில் ஒரு மலை இல்லை, ஆறு இல்லை, காலில் குத்த ஒரு முள் இல்லை. "இது தப்புடா, ரங்கூன் அம்புட்டுக் கிட்டத்துல இல்லை" என்றேன். கிழவிக்கு நினைவு தப்பிவிட்டது என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனான். எனக்கு நினைவு தப்பவில்லை. தப்பியிருந்தால் தேவலை என்று நினைத்த நாட்கள்கூட உண்டு.

யுத்தம் நம் தலைக்கு மேலே பறக்கத் தொடங்கிய வருஷம் அது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மதுரையில் அவனியாபுரத்துப் பக்கம் காட்டையும் மேட்டையும் நிரவி ஏரோப்பிளேன் இறங்க மைதானம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஆகாயம் என்றால் கோபுரத்துப் புறாக்களுக்கும் ஆடிமாதப் பட்டங்களுக்கும் சொந்தமானது. திடீரென்று அதில் ஒரு உறுமல் குடிவந்தது. முதலில் அடுப்படியில் கவிழ்த்து வைத்த கும்பாக்கள் நடுங்கும். பிறகு புறாக்கள் கிளம்பும். அதற்கும் பிறகுதான் சத்தம் நம் காதுக்கு வரும்.

எங்கள் வீடு பழைய ஊருக்குள், பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில். முன்கட்டில் டிரங்குப் பெட்டிக் கடை. என்னைப் பெற்ற அத்தாவும் அவருடைய அண்ணன் பெரியத்தாவும் தகரத்தை வெட்டி, மடித்து, தட்டி, பச்சை வண்ணம் அடித்து, மூடியில் ரோஜாப்பூ எழுதுவார்கள். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய முக்கால்வாசிப் பேரின் வேட்டி சட்டை எங்கள் பெட்டியில்தான் போயிருக்கும். வண்ணம் காயும் வாசனை இன்றைக்கும் எங்காவது வந்தால், யாரோ ஊருக்குப் போகப்போகிறார்கள் என்று வாசலை எட்டிப் பார்ப்பேன்.

மத்தியானங்களில் மொட்டைமாடியில் படுத்துக் கிடப்பேன். ஒரு நாள் பிளேனின் நிழல் எங்கள் மாடியைக் கடந்து போனது. கொடியில் காய்ந்த சேலைகள் மேலே ஏறி, கைப்பிடிச் சுவரில் மடிந்து, என் மேலே படுத்து எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. ஒரு நொடி உடம்பு குளிர்ந்தது. வெகுநேரம் நான் அசையவில்லை. அந்த நிழல் இந்நேரம் தெப்பக்குளத்துத் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கும், இந்நேரம் கடலைத் தொட்டிருக்கும், இந்நேரம் ரங்கூனில் மாமாவின் மேலே விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மாமா என்றால் என் மாமியின் வீட்டுக்காரர். மாமி அத்தாவுக்கும் பெரியத்தாவுக்கும் ஒரே தங்கை. கல்யாணமாகி வருஷம் இரண்டு முடிவதற்குள், மதுரைக்கார முதலாளி ஒருவரின் ஜவுளிக்கடைக்கு மாமா ரங்கூன் போய்விட்டார். மாமி எங்களோடு தங்கிவிட்டார்.

மாமாவைப் பற்றி ஊரெல்லாம் அறிந்த விஷயம் அவருடைய நடை. அதை நடை என்று சொல்வதே பெரிய மனசு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமியை வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் காற்று வாங்கக் கூட்டிப்போவார். துணைக்கு நான். மாமி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போவார். திரும்பிப் பார்த்தால் மாமா எங்கோ பின்னால் ஒரு வெற்றிலைக்காரியிடம் அவள் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். லாடம் அடிக்கும் இடத்தில் மாட்டின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வறுத்த கடலை வாங்கினால், வறுத்தவனின் மணல் எந்த ஆற்று மணல் என்று கேட்காமல் நகர மாட்டார். குளத்துக்குப் போய்ச் சேரும்போது நடுமண்டபம் கறுத்து, தண்ணீரில் ஒரு கீற்று வெளிச்சம்தான் மிச்சமிருக்கும். "வெரசா வந்தா சூரியனையாவது பாத்திருக்கலாம்ல?" என்பார் மாமி. "சூரியன் நாளைக்கும் வரும், அந்த வெத்தலைக்காரி நாளைக்கு வருவாளோ என்னமோ" என்பார் மாமா. மாமிக்குக் கோபம் வந்த மாதிரி இருக்கும். ஆனால் துப்பட்டிக்குள் சிரிப்பது எனக்குத் தெரியும். கைகோத்துக்கொண்டு போனது நான்தானே.

இன்னொன்று, மாமாவுக்கு உயரம் என்றால் பயம். எங்கள் வீட்டு மாடிப்படியை ஒவ்வொரு படிக்கும் அல்லாவின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி, சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏறுவார்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சேதி வந்தது. அதோடு கடிதங்கள் நின்றன. கொஞ்ச நாள் கழித்து ஜவுளிக்கடை முதலாளி மட்டும் வந்து சேர்ந்தார், அதுவும் பிளேனில். மதுரைக்கு அல்ல, கல்கத்தா வரைக்கும். அது போதாதா? எங்கள் கடையில் சந்தே திரண்டுவிட்டது. தகரம் தட்டும் சத்தம் நின்றுபோன அந்தக் காலைப்பொழுதில், நான் ஒரு காலி டிரங்குப் பெட்டிக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு ஏறுனேன். மத்தியானம் லுஹரை கல்கத்தாவுல தொழுதேன். காதுக்குப் பஞ்சு குடுத்தாக. கீழ பாத்தா கடலு, தரையில விரிச்ச பாய் கணக்கா கிடக்கு" என்றார் முதலாளி.

"எங்க மாப்ளை எங்க?" என்று கேட்டார் பெரியத்தா.

"அவனுக்கும் இடம் சொல்லி வச்சிட்டுத்தேன் வந்தேன். நான் ஏறுனதுக்கு அடுத்த பிளேன். வரிசையில நின்னான், என் கண்ணால பாத்தேன். இந்தா வந்துருவான்."

கடைச்சுவரில் கப்பல் கம்பெனி கொடுத்த பழைய நாட்காட்டி ஒன்று இருந்தது. அதில் கடலும் கரையும் போட்ட படம். பெரியத்தா பெட்டிக்கு அளவெடுக்கும் நூலை எடுத்தார். மதுரையில் ஒரு நுனி, ரங்கூனில் ஒரு நுனி, நடுவில் விறைப்பாகக் கடல். அந்த அளவுக்கு நூலை அறுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். "ஒரு சாண்கூட இல்லையேய்யா!" என்றார். கூட்டம் முழுக்க அந்த நூலைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ரங்கூன் அத்தனை பக்கத்தில் வந்துவிட்டது. அடுத்த உறுமல் கேட்டபோது மாமாவின் செருப்புச் சத்தத்தை எதிர்பார்த்து வாசலுக்கு ஓடினேன்.

அடுத்த பிளேன் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. மாமா வரவில்லை. வெயில் காலம் போனது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் நம் பக்கத்து ஊர்களுக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். கால் வீங்கி, கண் உள்ளே போய், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர், ஜனங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிளேன் ஒன்று கரை சேரவே இல்லையாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பிளேன், எந்த நாள், யாருக்கும் தெரியாது. ஆனால் பெரியத்தாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அரை நாள் தூரம். ஏறியவன் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஏறிய பிளேன் இறங்கவில்லை. தகரத்தை மடித்த மாதிரி கணக்கு மூலைக்கு மூலை பொருந்திவிட்டது.

பெரியத்தாவைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவார். தங்கைக்கு இருபதுகூட நிறையவில்லை. மேலூர்ப் பக்கம் மனைவியை இழந்த வியாபாரி ஒருவர் பெண் தேடுகிறார், நல்ல மனிதர். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் மறைந்திருக்கும் இத்தா காலாகாலத்தில் முடிந்தால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. பாசம்தான் அது. பாசத்துக்கு அவசரம் வந்தால் என்ன ஆகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இத்தா தொடங்கலாமா என்று கேட்க, தொழுகை நடத்தும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வீட்டுக்கு அழைத்தார்கள். ஆண்கள் முன்கட்டில், பெண்கள் திரைக்குப் பின்னால். ஹஜ்ரத் தயங்கினார். "மவுத்தைக் கண்ணால கண்டவுக யாரு?" என்று சாவுக்குச் சாட்சி தேடி இரண்டு தடவை கேட்டார். முதலாளி தான் பார்த்த வரிசையைச் சொன்னார். பெரியத்தா பிளேனின் வேகத்தைச் சொன்னார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மாமி பேசினார். "அண்ணே, அவுக பிளேன்ல ஏறியிருக்கவே மாட்டாக. நம்ம மாடிப்படிக்கே பிஸ்மி சொல்ற மனுசன். நடந்துதேன் வருவாக."

"நடந்தவுகளும் வந்துட்டாகளேம்மா. இவரு மட்டும் என்ன?" என்றார் பெரியத்தா.

"அவுக நடை உங்களுக்குத் தெரியாதா? தெப்பக்குளம் போயிட்டு வரவே பொழுது அடையும். ரங்கூனுன்னா எம்புட்டு நாளாகும், நீங்களே பாத்துக்கங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். அதைத் தொட்டு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். துக்கத்துக்குக் கூடிய இடத்தில் சிரித்துவிட்டோமே என்று உடனே செருமிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அந்த அறையிலேயே ஒழுங்காகக் கணக்குப் போட்டவர் மாமி ஒருத்திதான். மற்றவர்கள் பிளேனுக்குக் கணக்குப் போட்டார்கள், அவர் மனுஷனுக்குப் போட்டார்.

ஹஜ்ரத் "அல்லாதான் அறிவான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அது சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. பெரியத்தா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குக் கடை சாத்தியிருந்தது. மாமி என்னை இழுத்துக்கொண்டு கடைக்குள் போனார். அதே நூலை எடுத்து மதுரையில் ஒரு நுனியை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தான் கரையோரமாகவே நூலைப் படுக்கவைத்துக்கொண்டு மேலே போனார். சென்னப்பட்டணம் தாண்டி, வளைவுக்கு வளைவு விரலால் அழுத்தி, வடக்கே வடக்கே போனார். கல்கத்தாவுக்குப் போனதும் நூல் தீர்ந்துவிட்டது. ரங்கூன் அங்கிருந்து இன்னும் எவ்வளவோ கீழே கிடந்தது. "பாத்தியாடி, நூலே போய்ச் சேரலை. மனுசன் எப்படி அதுக்குள்ள வருவாக?" என்றார். பிறகு அழுதார். நூல் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, அப்புறம் அதை யாரும் தேடவும் இல்லை.

இத்தா தொடங்கியது. மாமி கல்யாணத்தில் கட்டிய கருகமணியைக் கழுத்திலிருந்து தானே கழற்றி, மாமா முன்பு அனுப்பியிருந்த பர்மா வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்தார். கறுப்பும் சிவப்புமாக மெழுகு போல மினுங்கும் மூங்கில் பெட்டி அது. எந்தப் பாகப்பிரிவினையில் எவர் வீட்டுக்குப் போனதோ, இப்போது இல்லை. வெள்ளைச் சேலை. பின்கட்டு அறை. அறைக்குத் திரை. கூடப் பிறந்தவர்களைத் தவிர ஆண்வாடை அந்தப் பக்கம் வரக் கூடாது. தெருக்கதவை யார் தட்டினாலும், ஆணாக இருந்தால், "இத்தா வீடு" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்து நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு மட்டும் அந்த அறை திறந்திருந்தது. ஓட்டுக்கு நடுவே பதித்த ஒற்றைக் கண்ணாடி வழியாக ஒரு வெளிச்சத் துண்டு விழுந்து, காலையில் சுவரில் தொடங்கி மாலையில் பாய்க்கு வரும். சாம்பிராணி வாசனை. மேலே உறுமல் போகும். "எந்தப் பக்கமாப் போகுது?" என்று மாமி கேட்பார். கிழக்கே என்றால் "போகட்டும்" என்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்குவார். "இப்ப ஒரு ஆத்தங்கரையில நிப்பாக. ஓடக்காரன்கிட்ட அவன் ஓடத்துக்கு என்ன மரம்னு கேட்டுக்கிட்டிருப்பாக. அவன் சொல்ல மாட்டேங்குறான். இவுக விட மாட்டாக." இன்னொரு நாள், "டீக்கடையில உக்காந்துட்டாக. வடை ஆறிப்போச்சுன்னு சொல்லிச் சொல்லியே நாலு தின்னுட்டாக" என்பார். நான் அந்த வெளிச்சத் துண்டில் விரலால் நடந்துகொண்டே கேட்பேன். ரங்கூனிலிருந்து நம் ஊர்வரை வழிநெடுகக் கடலைக்காரர்களும் வெற்றிலைக்காரிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினேன். அந்த வழியில் உண்மையில் என்ன கிடந்தது என்று பெரியவளான பிறகு தெரிந்துகொண்டேன். மாமிக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தெரிந்துகொண்டுதான் அந்த மலைகளிலும் காடுகளிலும் ஒவ்வொரு நாளும் ஒரு டீக்கடை வைத்தார்.

இத்தா முடிய நாள் நெருங்கியது. மேலூர் வியாபாரி வீட்டிலிருந்து பழத்தட்டு வந்துவிட்டுப் போனது. மாமி அதைத் தொடவில்லை. அன்றிலிருந்து டீக்கடைக் கதையும் நின்றுவிட்டது. "மாமா எங்க வந்துட்டாக?" என்று கேட்டால், "தெரியலைடி, கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குறாக" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. மாமிக்கு நடையில் தெம்பு தீர்ந்துவிட்டது போலிருந்தது.

ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், சாயங்கால அஸர் பாங்கு சொல்லி முடித்த நேரம். கதவைத் தட்டும் சத்தம். பெரியத்தா கடையிலிருந்து எழுந்துவந்து கதவைக் கையகலம் திறந்தார். நான் அவர் இடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். வெளியே தாடியும் சாக்குப் போர்வையுமாக ஒரு ஆள். காலில் துணி சுற்றியிருந்தது. அந்த நாட்களில் அப்படி வருகிறவர்கள் அதிகம். சாப்பிட ஏதாவது கொடுத்து அனுப்புவோம்.

"உள்ள வந்துராதீக, இத்தா வீடு. அப்படியே நில்லுங்க, சோறு கொண்டாரச் சொல்றேன்" என்றார் பெரியத்தா.

அந்த ஆள் உடனே ஒரு படி கீழே இறங்கி நின்றார். "யாரு மவுத்து?" என்று கேட்டார். குரல் கரகரவென்று உடைந்திருந்தது.

"எங்க தங்கச்சி மாப்ளை. ரங்கூன்ல."

நம் ஆட்கள் மவுத்தைக் கேட்டால் வாய் தானாகச் சொல்லுமே, அதை அவரும் சொன்னார். "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்." இரண்டு கையையும் ஏந்திப் பாதி துஆவும் ஓதிவிட்டார். அப்புறம்தான் கை அந்தரத்தில் நின்றது. மழை உள்ளங்கையில் விழுந்து நிறைந்தது. பெரியத்தாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மச்சான், உங்களுக்கு ஒரே தங்கச்சிதானே?" என்றார்.

பெரியத்தா கதவைப் பிடித்துக்கொண்டே சரிந்து நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தெரியவந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாமா வரிசையில் நின்றது உண்மை. ஏணியில் இரண்டு படி ஏறியதும் உண்மை. மூன்றாவது படியில் கீழே பார்த்துவிட்டார். கால் ஒத்துழைக்கவில்லை. பின்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு வழிவிட்டு இறங்கிவிட்டார். மலைகளைத் தாண்டி வந்தார், எப்படி என்று கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. வங்காளத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு மாதக்கணக்கில் கிடந்தார். ஆகஸ்டுப் போராட்டத்தில் தண்டவாளங்கள் பெயர்ந்து கிடந்த சமயம், ரயில் பாதி, நடை பாதி. திருச்சியிலிருந்து நடைதான். கொட்டாம்பட்டியில் ஒரு உழவுச் சம்சாரி வீட்டம்மா ஊற்றிய கம்மங்கூழைப் பற்றி மட்டும் ஆயுசு முழுக்கப் பேசினார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் போட்ட கார்டு, அவர் வந்து சேர்ந்து வெகுநாள் கழித்து வந்தது. "உலகத்துல உங்களைவிட மெதுவா வந்தது இது ஒண்ணுதேன்" என்று மாமி அதை எல்லோருக்கும் காட்டினார். மாமாவோ, தலைக்கு மேலே பிளேன் போனால் போதும், எழுந்து நின்று அண்ணாந்து பார்ப்பார். "அந்தக் கைப்புள்ளைக்காரி போய்ச் சேர்ந்திருப்பாளா?" என்று யாரையாவது கேட்பார்.

வாசலில் விட்டுவிட்டு வந்துவிட்டேன், அங்கே போகிறேன்.

பெரியத்தா நிலைப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். அத்தா ஓடி வந்து மாமாவைக் கட்டிக்கொண்டார். அந்த நிலைமையிலும் பெரியத்தாவுக்கு ஒரு சந்தேகம். "இரு, இரு. இத்தாவுல இருக்கிறவளை இவுக பாக்கலாமா? ஹஜ்ரத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கிறலாம்" என்றார். மாமா, இவர்தான் மவுத்தானவர் என்பதால், மழையிலேயே நின்றார். சாக்குப் போர்வையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

பின்கட்டில் திரை விலகியது. ஓதிய குரலைக் கேட்டபோதே மாமிக்குத் தெரிந்துவிட்டதாம். ஓடி வரவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வெள்ளைச் சேலையில், வெறும் கழுத்தோடு, யாரையும் கேட்காமல் நடையைத் தாண்டி வாசலுக்கு வந்தார். மாமா அந்தக் கழுத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமி அவருடைய காலைத்தான் முதலில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அதுக்குள்ள வந்துட்டீகளா? இன்னும் நாளாகும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

மாமா நிமிராமலே சொன்னார்.

"வழியில எங்கயும் நிக்கல, புள்ள."